குழிக்குள் நின்ற கதை

பாதி ராத்திரி தாண்டியிருந்தது. உறைந்துபோன ஆற்றின் மேல் ஒரே ஒரு குதிரை. அதன் மேல் ஒரே ஒரு ஆள்.

ஆனால் குளம்புச் சத்தம் இரண்டு குதிரைக்குக் கேட்டது.

இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். அடுப்புக் கதவைச் சாத்திவிடுங்கள், கணகணப்பு இருந்தால் போதும், வெளிச்சம் வேண்டாம். இது என் சிநேகிதி துல்கரின் சித்தப்பாவுக்கு நடந்தது. அர்தாய் என்று பேர். ஒன்றே ஒன்று... இதைக் கேட்க ஆரம்பித்தால் பாதியில் யாரும் எழுந்து போகக் கூடாது. வேலை இருப்பவர்கள் இப்போதே போய்விடுங்கள்.

யாரும் போகவில்லையே? சரி.

போர் முடிந்து சில வருஷம் ஆன சமயம். கூட்டுப்பண்ணைக்குத் தோல் சேர்க்க வேண்டும் என்று, பனி இறுகியதும் ஆண்கள் குழுக் குழுவாகக் காட்டுக்குப் போவார்கள். அர்தாயின் குழுவில் அவனும் அவன் மனைவியின் அண்ணன் துகரும் இன்னும் இரண்டு பேரும். கூடவே ஒரு கதைக்காரர். பேர் ஷரப். துப்பாக்கி பிடிக்கத் தெரியாது, விறகு வெட்ட மாட்டார், பால் சாராயம் மட்டும் எல்லாருக்கும் முன்னால் குடிப்பார். ஆனாலும் வேட்டையில் அவருக்கு முழுப் பங்கு உண்டு. ஏனென்றால் காட்டுக்கு உடையவனுக்குக் கதை என்றால் உயிர். ராத்திரி ராத்திரி குடிசைக்கு வெளியே வந்து நின்று கேட்பான். கேட்கிற சுவாரஸ்யத்தில் தன் மிருகங்களைக் காவல் காக்க மறந்துபோவான். விடிந்ததும் இவர்கள் போய்ச் சுடலாம். கதைக்காரர் இல்லாமல் காட்டுக்குப் போவது நாயில்லாமல் போவதை விட மோசம்.

கதையும் ஒரு ராத்திரிக் கதையா? ஒரு குளிர்காலம் முழுக்க நீளும். வானத்தில் ஆறுமீன், அதாவது கார்த்திகைக் கூட்டம், தெரிகிற வரைதான் சொல்லலாம். அது மலைக்குப் பின்னால் சாய்ந்துவிட்டால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். நிறுத்தும்போதும் கண்ட இடத்தில் நிறுத்தக் கூடாது. வீரன் சாப்பிட்டிருக்க வேண்டும். குதிரையை அவிழ்த்துவிட்டிருக்க வேண்டும். அவன் எங்கேயாவது பத்திரமாகப் படுத்த பிறகுதான் மனுஷர்களும் படுக்கலாம். நடுவழியில் விட்டால் அவன் அங்கேயே நிற்பான். நாள் முழுக்க. யாராவது வந்து சொல்கிற வரைக்கும்.

ஷரப் ஒவ்வொரு ராத்திரியும் குடிசையைச் சுற்றிச் சாம்பல் தூவிவிட்டுத்தான் உட்காருவார். காலையில் குனிந்து பார்ப்பார்.

"வந்திருக்கான்" என்பார்.

"நரி வந்திருக்குங்க" என்பான் துகர்.

"நரிக்கு லாடம் அடிச்சு விட்டது யாருடா?"

அந்த வருஷத்துக் கதை ஒரு வீரனைப் பற்றியது. அவன் வீட்டிலிருந்து புறப்பட்டு, பெண்ணெடுக்கப் போய், வீட்டுக்குத் திரும்புகிற கதை. முதல் ராத்திரி முழுக்க ஷரப் அவன் வீட்டையே சொன்னார். எத்தனை தூண், எந்த மரம், வாசலில் என்ன, அடுப்பைச் சுற்றி யார் யார். அர்தாய் தூங்கிவிட்டான். வீடு எங்கே ஓடிப்போகப் போகிறது என்று நினைத்தான்.

பிறகு வந்த ராத்திரிகளில் முழித்துக்கொண்டுதான் இருந்தான். ஆனால் கதை நகரவில்லை.

"நேத்து பூராவும் குதிரைக்குச் சேணம் போட்டீங்க. இன்னிக்காவது அவன் ஏறி உக்காருவானா?" என்றான் அர்தாய்.

"சேணம் சரியா போடலன்னா நடுவழியில விழுவான். விழுந்தா நீ போய்த் தூக்கி விடுவியா?"

"மச்சான், விஷயம் புரியுதா? வேட்டை நடக்கிற வரைக்கும் இவருக்குப் பங்கு. அதான் அவன் கெளம்பவே மாட்டேங்கிறான்" என்றான் அர்தாய் துகரிடம்.

எல்லாரும் சிரித்தார்கள். ஷரப்புக்குக் கோபம் வந்தது. கோபத்தில் இன்னும் ஒரு ராத்திரி சேணமே போட்டார். சிவப்புக் குஞ்சம்... இடது காதில் பிளவு... கழுத்து மயிரில் மூன்று மணி, அதில் ஒன்றுக்கு நாக்கு இல்லை. ஒரு பக்கம் கால் வைக்க வெள்ளி அங்கவடி, மறுபக்கம் வெறும் வார்... கேட்டுக் கேட்டு அந்தக் குதிரை அவர்கள் கண்ணுக்குள்ளேயே வந்து நின்றுவிட்டது.

அர்தாயின் அவசரம் வேறு. வீட்டில் ஜல்மா நிறைமாசம். ஏற்கெனவே இரண்டு பெற்று இரண்டும் தங்கவில்லை. இரண்டு தடவையும் அர்தாய் காட்டில் இருந்தான்.

"இந்தத் தடவை நீ வாசல்ல நிக்கணும்" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். "நீ இல்லாதப்பதான் ரெண்டும் போச்சு. மூணாவதும் போனா நீ வீட்டுக்கே வராத."

வருகிறேன் என்று அடுப்பில் வெண்ணெய் விட்டுச் சத்தியம் செய்திருந்தான்.

அந்த ராத்திரி வீரன் கடைசியில் பெண்ணெடுத்துத் திரும்பி வந்துகொண்டிருந்தான். கூட வந்த மச்சான்கள் இரண்டு பேர் வழியில் ஒரு குழியை வெட்டி, மேலே கம்பளம் விரித்து, உட்காருங்க மாப்பிள்ளை என்றார்கள்.

"எல்லாக் கதையிலயும் மச்சான்தான் கெட்டவன்" என்று முணுமுணுத்தான் துகர்.

"காரணம் இல்லாமலா சொல்றாங்க?" என்றான் அர்தாய்.

வீரன் உட்கார்ந்தான். கம்பளம் உள்ளே போனது. விழும்போது ஒரு மச்சான் அவன் காலைப் பிடித்தான். கால் கையோடு வரவில்லை, இடது பூட்ஸ் மட்டும் வந்தது. குழி ஆழம். அடியில் ஊற்றுச் சேறு. மேலே குதிரை விளிம்பில் நின்று காலை மாற்றி மாற்றி வைக்கிறது...

கதவு திறந்தது. பக்கத்துக் குடிசை ஆள் ஒருவன், மாவு வாங்க ஊருக்குப் போய்த் திரும்பியவன், மீசையெல்லாம் பனியாக உள்ளே தலையை நீட்டினான்.

"அர்தாய்! உன் பொண்டாட்டிக்கு வலி எடுத்துடுச்சுப்பா. காலையிலயே எடுத்துடுச்சு. பிரசவம் பார்க்க ஹந்தா அத்தைதான் கூட இருக்காங்க. உன்னைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா."

அர்தாய் எழுந்துவிட்டான்.

"உக்காரு" என்றார் ஷரப்.

"என்னய்யா பேசுறீங்க?"

"அவன் குழியில இருக்கான். கொஞ்சம் பொறு. மேல ஏத்திடறேன். குதிரையில உக்கார வெச்சுடறேன். அப்புறம் போ."

"நீங்க ஒருத்தனை வாசப்படி தாண்ட வைக்கவே மூணு ராத்திரி எடுப்பீங்க. அதுக்குள்ள எனக்கு எல்லாம் முடிஞ்சுடும்."

"அப்ப கச்சையையாவது அவுத்து வெச்சுட்டுப் போ."

அது வழக்கம். பாதியில் போயே ஆக வேண்டும் என்றால், இடுப்புக் கச்சையை அவிழ்த்து உட்கார்ந்த இடத்தில் சுருட்டி வைத்துவிட்டுப் போக வேண்டும். ஆள் இன்னும் இங்கேதான் இருக்கிறான் என்று கதை நினைத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் கேட்டவன் பின்னாலேயே புறப்பட்டு வந்துவிடும்.

"இந்தக் குளிர்ல கச்சை இல்லாம அங்கி திறந்துக்கிட்டு கெடக்கும். வீடு போய்ச் சேர மாட்டேன்" என்றான் அர்தாய்.

"மாப்ள, அவர் சொல்றதைக் கேளு" என்றான் துகர். அவன் குரலில் கேலி இல்லை.

அர்தாய் கேட்கவில்லை. போய்விட்டான். கதவு அடித்துக்கொண்டது. ஷரப் அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். திறந்த வாயை அப்படியே வைத்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

இப்போது ஆற்றுக்கு வருவோம்.

குளிர் அப்படி. எச்சில் துப்பினால் தரையில் விழுமுன் கல்லாகும். அந்தக் குளிருக்கு எந்த வாசனையும் கிடையாது, தெரியும்தானே? மூக்குக்குள்ளேயே உறைந்துபோகும். ஆனால் அர்தாய்க்கு ஒரு வாசனை வந்தது. ஈரச் சேறு. பழைய கிணற்றைத் தூர் எடுக்கும்போது வருமே... அது.

அப்புறம்தான் அந்தக் குளம்புச் சத்தம். தன் குதிரை நாலு காலும் வைத்து முடித்த பிறகு இன்னொரு நாலு. தன் குதிரை நின்றால் அதுவும் ஒரு அடி தாண்டி நின்றது. கூடவே மணி. இரண்டு மணி ஓசையும், நடுவில் ஓசை வர வேண்டிய இடத்தில் ஒரு வெறுமையும்.

டிங்... டிங்... இல்லை.

டிங்... டிங்... இல்லை.

மூன்றாவது மணிக்கு நாக்கு கிடையாது.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியதும் இருக்கவில்லை. அது தானே பக்கத்தில் வந்துவிட்டது. சிவப்புக் குஞ்சம். பிளந்த காது. இந்தப் பக்கம் வெள்ளி அங்கவடி. மேலே ஆள் இல்லை. சேணம் மட்டும்... ஷரப் இரண்டு ராத்திரி போட்ட சேணம். ஒரு வார்கூடத் தப்பில்லை.

அர்தாய் குதிரையை உதைத்தான். அது அசையவில்லை. கால்கள் பனிக்கட்டியில் ஆணி அடித்த மாதிரி நின்றன.

கீழே எங்கோ, ஆற்றின் அடியில், பனிக்கட்டிக்கும் அடியிலிருந்து ஒரு குரல் வந்தது. சத்தமாக இல்லை. குழிக்குள் இருப்பவன் மேலே இருப்பவனிடம் கேட்கிற மாதிரி.

"அப்புறம்?"

அவ்வளவுதான்.

அர்தாய் பேசவில்லை. அவன் காலுக்குக் கீழே பனிக்கட்டி 'டக்' என்றது. ஒரு கோடு ஓடி வந்து குதிரையின் முன்னங்கால் கிட்டே நின்றது.

"அப்புறம்?"

"எனக்குத் தெரியாது" என்றான். "நான் வந்துட்டேன். அவர் சொல்லி முடிக்கல."

டக். இன்னொரு கோடு.

அவனுக்கு ஜல்மா ஞாபகம் வந்தாள். இங்கேயே நின்றால் விடிந்துவிடும். விடிந்தால் எல்லாம் முடிந்துவிடும். வாய்க்கு வந்ததைச் சொல்ல ஆரம்பித்தான்.

"குழி... ஆழமான குழி. அடியில சேறு. அவன் அண்ணாந்து பார்க்கறான்..."

குதிரை ஒரு அடி எடுத்து வைத்தது.

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. சொன்னால் நடக்கும். நிறுத்தினால் நிற்கும்.

சொன்னான். குழியின் மண்ணைச் சொன்னான். மண்ணில் நீட்டிக்கொண்டிருந்த வேரைச் சொன்னான். வேரில் ஒட்டியிருந்த பூச்சியைச் சொன்னான். ஷரப்பைக் கேலி செய்த வாய் அது. இப்போது ஒரு வேருக்கு ஆற்றின் ஒரு வளைவு முழுக்க எடுத்துக்கொண்டது. சொல்லச் சொல்ல இரண்டு குதிரைகளும் பக்கம் பக்கமாக நடந்தன. மண் தீர்ந்துபோனது. வேர் தீர்ந்துபோனது. ஊர் இன்னும் வரவில்லை.

"அப்புறம்?"

"அப்புறம்... ஒரு காக்கா வந்துச்சு. வாயில கயிறு..."

"இல்ல."

பனிக்கட்டி விரிந்தது. அந்தக் குரலுக்குக் கோபம் இல்லை. அதுதான் இன்னும் பயம். அங்கே இருப்பவனுக்குத் தெரியாதா, காக்கா வந்ததா இல்லையா என்று?

"அவன் பொண்டாட்டி தேடி வந்தா. தலைமுடியை அவுத்து உள்ள விட்டா..."

"இல்ல."

"மழை பெஞ்சுது. குழி நெறஞ்சு, அவன் மெதந்து..."

"இல்ல."

அர்தாயின் இமைகள் ஒட்டிக்கொண்டன. அழுதிருக்கிறான். அது உறைந்துவிட்டது.

மறுபடி சேற்றுக்கே போனான். சேற்றின் குளிரைச் சொன்னான். பூட்ஸ் போன இடது காலைச் சொன்னான். விரல் ஒவ்வொன்றாக மரத்துப்போவதைச் சொன்னான். அதற்கு மட்டும் 'இல்ல' வரவில்லை. நெடுநேரம் வரவில்லை. கீழே யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு கேட்கிற மாதிரி இருந்தது.

ஊர்ப் பெண்கள் தண்ணீர் மொள்ளுகிற இடம் வந்தது. பனிக்கட்டியை உடைத்து வைத்திருப்பார்களே, ஆள் இறங்குகிற அளவுக்கு ஒரு வாய்... அது. மேலே மெல்லிய பனியாடை படிந்திருக்க வேண்டும். படியவில்லை. கறுப்பாகத் திறந்திருந்தது. சேற்று வாடை அதிலிருந்துதான் வந்தது. இரண்டு குதிரைகளும் அதன் விளிம்பில் போய் நின்றன. அந்தக் குதிரை காலை மாற்றி மாற்றி வைத்தது.

கரைக்கு மேலே ஊர். அவன் வீட்டு ஜன்னலில் விளக்கு தெரிந்தது. அந்நேரத்துக்கு விளக்கு எரிந்தால் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். அண்ணாந்து பார்த்தான். ஆறுமீன் மலை முகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. சாய்ந்துவிட்டால் சொல்லக் கூடாது. சொல்லாவிட்டால் குதிரை நகராது.

"அப்புறம்?" இந்தத் தடவை குரல் கிட்டே கேட்டது.

"அந்த வழியா ஒரு ஆள் வந்தான்" என்றான் அர்தாய். அவன் யோசிக்கவே இல்லை. தானே வாயில் வந்தது. "வேட்டைக்காரன். அவசரமா வீட்டுக்குப் போறவன். குழியைப் பார்த்தான். குதிரையை விட்டு எறங்கினான். இடுப்புக் கச்சையை அவுத்தான்..."

'இல்ல' வரவில்லை.

காத்திருந்தான். வரவில்லை.

அர்தாய் குதிரையை விட்டு இறங்கினான். கச்சையை அவிழ்த்தான். அங்கி திறந்து குளிர் நெஞ்சுக்குள் கத்தி மாதிரி போனது. குடிசையில் வைத்துவிட்டு வர மாட்டேன் என்றானே, அதே கச்சை. ஒரு முனையைக் கையில் சுற்றிக்கொண்டு மறுமுனையைத் தண்ணீருக்குள் விட்டான்.

முதலில் தண்ணீரின் இழுப்பு மட்டும். அப்புறம்... கனம். ஆளின் கனம். கைக்கு மேல் கை வைத்து ஏறுகிற ஆளின் கனம்.

"ஏறினான்" என்றான் அர்தாய். பல் தந்தியடித்தது. "ஏறி வெளிய வந்துட்டான். குதிரையில உக்காந்தான். வீட்டுக்குப் போனான். அவ்வளவுதான். முடிஞ்சுது."

கச்சை கையில் இறுகியது. கேள்வி அவன் முழங்கால் உயரத்திலிருந்து வந்தது.

"எந்த வீடு?"

அவனுக்குத் தெரியாது. முதல் ராத்திரி அவன் தூங்கிவிட்டான். எத்தனை தூண், எந்த மரம், அடுப்பைச் சுற்றி யார் யார்... ஒன்றும் தெரியாது. மேலே ஆறுமீனில் ஒன்று மறைந்தது. இன்னொன்று.

அவன் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது ஒரே ஒரு வீடு.

"கரைமேல இருக்கிற வீடு" என்றான். "குதிரை கட்டற கம்பத்துக்குத் தலை உடைஞ்சிருக்கும். ஜன்னல்ல விளக்கு இருக்கும். கதவுக்கு மாட்டுத்தோல் தெச்சிருக்கும். உள்ள ஒரு பொம்பளை காத்துக்கிட்டு இருக்கா. அடுப்புப் பக்கத்துல ஒரு தொட்டில். வெறும் தொட்டில்..."

கேட்டுக்கொண்டிருந்தது.

"அதான். அந்த வீடு."

கச்சை தொய்ந்தது. ஆறுமீன் சாய்ந்தது. 'இல்ல' வரவில்லை.

அர்தாய் கச்சையை அங்கேயே போட்டுவிட்டுக் குதிரை மேல் விழுந்து கரையேறினான். வழியில் அவனை யாரும் தாண்டவில்லை. முன்னால் யாரும் போகவும் இல்லை. அதை அவன் சாகிற வரைக்கும் சொல்லுவானாம்.

கதவைத் திறந்தால்... ஜல்மா உயிரோடு இருந்தாள். வேர்வையில் முடி நெற்றியோடு ஒட்டிக் கிடக்க, அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

"வந்துட்டியா, ஊர்ல இல்லாத வேட்டைக்காரன்."

"வந்துட்டேன்டி."

ஹந்தா அத்தை கையில் பிள்ளை இருந்தது. ஆண் பிள்ளை.

"இப்பதான்ப்பா. உன் குதிரைச் சத்தம் கேட்டுச்சு, பொறந்துட்டான். மொதல்ல மூச்சே இல்ல. கையும் காலும் நீலமா இருந்துச்சு, நான் இதுவும் போச்சுன்னு நெனச்சேன். திடீர்னு ஒரு மூச்சு இழுத்தான் பாரு... தண்ணிக்குள்ள இருந்து வந்தவன் மாதிரி. ஆனா அழல. இன்னும் அழல."

அர்தாய் பிள்ளையைத் தொட்டுப் பார்த்தான். சூடாக இருந்தது. வலது கால் சூடாக இருந்தது. இடது கால் மட்டும் பனிக்கட்டி.

"அடுப்புப் பக்கம் காட்டினா சரியாயிடும்" என்றாள் அத்தை. "ஏன்ப்பா, வந்ததும் வராததுமா ஒரு பூட்ஸைக் கழட்டிட்டா உள்ள வந்த?"

"யாரு?"

"நீதான். பாரு."

முன்பு இரண்டு பிள்ளைகள் போன வீடு என்று அத்தை வாசலில் இருந்து தொட்டில் வரைக்கும் சாம்பல் தூவி வைத்திருந்தாள். சாம்பலில் தடம் இருந்தது. பூட்ஸ் போட்ட வலது கால். வெறுங்கால் இடது. ஐந்து விரலும் தெளிவாக, ஈரமாக. வாசலில் தொடங்கித் தொட்டிலில் முடிந்தது. திரும்பிப் போன தடம் இல்லை.

அர்தாய் குனிந்து தன் கால்களைப் பார்த்தான். இரண்டிலும் பூட்ஸ் இருந்தது.

விளக்குமாற்றை எடுத்துச் சாம்பலைப் பெருக்கிவிட்டான்.

பிள்ளைக்கு நாய் என்று பேர் வைத்தார்கள், எதுவும் கண் வைக்காமல் இருக்க. நன்றாகப் பால் குடித்தான். கொழுகொழுவென்று வளர்ந்தான். அழுவது மட்டும் கிடையாது. ராத்திரியில் கண்ணைத் திறந்துகொண்டு, யாரோ பேசப்போகிறார்கள் என்பது போல வாசலையே பார்த்துக்கொண்டு கிடப்பான்.

வேட்டை முடிந்து துகர் ஊர் திரும்பினான். கூட ஷரப்பும் வந்தார். வந்தவர் உட்காரக்கூட இல்லை.

"அவனை எங்கடா விட்ட?" என்று கேட்டார்.

"வீட்டுல" என்றான் அர்தாய்.

"யார் வீட்டுல?"

அர்தாய் தொட்டிலைப் பார்த்தான். ஷரப்பும் பார்த்தார். பிள்ளையும் அவரைப் பார்த்தது. குரலை அடையாளம் கண்டுகொண்ட மாதிரி.

அன்று ராத்திரி ஆறுமீன் ஏறியதும் ஷரப் அடுப்புக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "மொதல் ராத்திரியைச் சொல்றேன். அவன் வீட்டைச் சொல்றேன். கேட்டுட்டுக் கெளம்பிடுவான். உங்க வீடு உங்களுக்கு" என்றார்.

சொல்ல ஆரம்பித்தார். எந்த மரம். எத்தனை தூண். எந்தத் திசையில் வாசல்...

பிள்ளை அழுதது.

பிறந்ததிலிருந்து முதல் தடவை. ஒரு கைக்குழந்தை அழுகிற மாதிரி இல்லை. ஆழத்திலிருந்து, ஊர் ஞாபகம் வந்த ஆம்பிளை அழுகிற மாதிரி. வெளியே ஒரு குதிரை பதிலுக்குக் கனைத்தது. ஜல்மா பிள்ளையை வாரி எடுத்தாள். இடது பாதத்தில் இருந்த குளிர் கணுக்காலுக்கு வந்திருந்தது. ஷரப் ஒரு தூணைச் சொன்னார், முழங்காலுக்கு வந்தது. இன்னொரு தூணைச் சொன்னார், தொடைக்கு வந்தது.

"நிறுத்துங்க!"

"இன்னும் கொஞ்சம்தான்மா. வாசலுக்கு வந்துட்டான். உள்ள போயிடுவான்."

"அவன் உள்ள போனா என் புள்ள?"

ஷரப் அடுப்பைப் பார்த்தார்.

"வாயைத் தொறந்து சொல்லுங்க. அவன் அவன் வீட்டுக்குப் போனா, என் புள்ள என் வீட்டுல இருக்குமா?"

"அதை நான் எந்தக் கதையிலயும் கேட்டதில்லம்மா" என்றார் ஷரப்.

ஜல்மா அடுப்பிலிருந்து எரிகிற கட்டை ஒன்றை உருவினாள். "எழுந்திருங்க. ரெண்டைக் குடுத்தாச்சு. இதை யாருக்கும் தர மாட்டேன். அவன் வாசல்லயே நிக்கட்டும்."

"வாசல்ல நிறுத்தக் கூடாதும்மா. சாப்பிடாம, குதிரையை அவுக்காம..."

"நிக்கட்டும்!"

ஷரப் எழுந்து போனார். போகும்போது தன் கச்சையை அவிழ்த்து உட்கார்ந்த இடத்தில் சுருட்டி வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் எந்தக் குடிசையிலும் கதை சொல்லவில்லை. பிள்ளையின் காலில் ஏறிய குளிர் மறுநாள் பாதம் வரைக்கும் இறங்கிவிட்டது. பாதத்தில் இருந்த குளிர் மட்டும் இறங்கவே இல்லை.

அந்த வீட்டில் கதை நின்றுபோனது. தாலாட்டுக்கூட இல்லை. வந்தவர்கள் 'உனக்கு விஷயம் தெரியுமா' என்று ஆரம்பித்தால் ஜல்மா டீயை நடுவில் வைத்து, "குடிங்க, ஆறிடப் போகுது" என்பாள்.

நாய் என்கிற அந்தப் பையன் நடந்தான், ஓடினான், மரம் ஏறினான். இடது காலில் மட்டும் பூட்ஸ் போட விட மாட்டான். பேச்சு வரவில்லை. நாலு வயசு ஆயிற்று. ஊரில் ஊமை என்றார்கள்.

"பேசாட்டி போகட்டும்" என்பாள் ஜல்மா. "இருக்கானே. அது போதும்."

அந்த வருஷம் முதல் பனி இறுகிய ராத்திரி. துகர் சாப்பிட வந்திருந்தான். இறைச்சிக் கொழுக்கட்டை வெந்து, ஆவி ஜன்னல் முழுக்கப் பூப் பூவாக உறைந்திருந்தது. பையன் வாசலோரம் உட்கார்ந்திருந்தான். துகர் அவன் வெறுங்காலைப் பிடித்து ஆட்டினான்.

"ஏன்டா மாப்ள, இன்னொரு பூட்ஸை எவன்டா திருடினான்? மாமன்கிட்டச் சொல்லு, ஒதைச்சுட்டு வரேன்."

பையன் மாமனை ஒரு பார்வை பார்த்தான். காலை மெல்ல உருவிக்கொண்டான். எழுந்தான். ஜன்னலுக்குப் போய், உறைந்த பூவை நகத்தால் சுரண்டி, ஒரு கண் அளவுக்கு ஓட்டை செய்து வானத்தைப் பார்த்தான். ஆறுமீன் ஏறியிருந்தது.

அப்பாவிடம் வந்தான். முழங்காலில் கை வைத்தான். அர்தாய்க்குச் சேற்று வாடை வந்தது. பழைய கிணற்றின் வாடை.

பையன் வாயைத் திறந்தான். முதல் பேச்சு. குரல் சின்னதாகத்தான் இருந்தது. ஆனால் அது அவன் வாயிலிருந்து வரவில்லை, அடியிலிருந்து வந்தது.

"அப்புறம்?"

ஜல்மா கொழுக்கட்டைத் தட்டை அப்படியே போட்டுவிட்டுப் பாய்ந்து வந்து வாயைப் பொத்தினாள்.

பிள்ளையின் வாயை அல்ல. அர்தாயின் வாயை.

மூன்று பேரும் அசையாமல் இருந்தார்கள். பையன் காத்துக்கொண்டிருந்தான். வெளியே, தலை உடைந்த கம்பத்தடியில், ஒரு குதிரை காலை மாற்றி வைத்தது. டிங்... டிங்...

அந்த வீட்டுக் குதிரையைப் பண்ணை லாயத்துக்கு ஓட்டிப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது.